செவ்வாய்க்கிழமையை விழுங்கியவர்கள்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. "ஒரு மழைநாளில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது" என்றெல்லாம் உங்களிடம் பாவனை செய்ய எனக்கு மனமில்லை, கண்ணுகளா. இந்த ஜாவாத் தீவுப் போகோரில் வருஷத்தில் பாதி நாள் மழைநாள்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எல்லாம் கதை எழுதியிருந்தால் ஊர் தாங்காது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"தெருமுனையில் வாங்கிய டெம்பே என்கிற சோயா வறுவலைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தேன். எண்ணெய்க் கறைக்கு நடுவே ஏழு பேருடைய சாவு அச்சாகியிருந்தது. பக்கம் பதினேழு—"

நல்ல தொடக்கம். இங்கே பலகாரத்தை ஆபீஸ் காகிதத்தில்தான் சுற்றித் தருவார்கள், நீங்களும் நம்பியிருப்பீர்கள். ஆனால் நடக்காதது. பொய் எழுதியவர்கள்மேல் ஆத்திரப்பட்டு எழுத உட்கார்ந்தவள், முதல் வரியிலேயே ஒரு பொய்யை அவிழ்த்தால் எப்படி? வெள்ளச் சாவு பற்றிய அரசு அறிக்கையின் வரைவில் இருந்த அந்தப் பதினேழாம் பக்கம் பொட்டலத்தில் வரவில்லை. ரெங்கனிஸ் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

ரெங்கனிஸ் என் வீட்டு மாடி அறையில் ஆறு வருஷமாக இருப்பவள். வானிலை ஆய்வாளர். மேகம் எப்போது மழையாகும் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. அவளுக்கு நான் இபு, அதாவது அம்மா; அவள் ஊருக்கே நெங், சின்னவள்.

"இபு, இதைப் படிங்க. என்ன தப்புன்னு சொல்லுங்க."

"உன் மேகத்தைப் பத்தி எனக்கென்ன தெரியும் நெங்?"

"மேகமே வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிஞ்சா போதும்."

படித்தேன். நாலாவது வரியில் கண்டுபிடித்துவிட்டேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

2

இரண்டாவது தொடக்கம்:

"செவ்வாய்க்கிழமை இரவு மலையில் பெருமழை பெய்தது. மறுநாள்—"

இதையும் கைவிட்டேன். ஆனால் அழிக்கவில்லை, உங்கள் கண்ணில் படட்டும் என்று விட்டிருக்கிறேன். எந்தத் தப்புக்காகக் கொதிக்கிறேனோ அதே தப்பை என் கையே செய்துவிட்டது.

இந்த ஊரில் பொழுது சாய்ந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடும். திங்கட்கிழமை சூரியன் இறங்கியதும் வருகிற இரவு செவ்வாய்க்குச் சொந்தம். அதை 'மாலாம் செலாசா' என்பார்கள், செவ்வாயின் இரவு. செவ்வாய்ப் பகல் முழுக்கக் கழிந்து, அதற்குப் பிறகு வருகிற இரவைச் சொல்லவேண்டுமானால் சொற்களைத் திருப்பிப் போடவேண்டும்: 'செலாசா மாலாம்.' இரண்டே சொல். முன்பின் மாறினால் நடுவில் ஒரு முழு நாள் தொலைந்துபோகும்.

நாற்பத்தொரு வருஷம் இங்கே வாழ்ந்தும், கதையைத் தமிழில் நினைக்கும்போது கை தடுக்கிவிட்டது. தமிழில் நாம் அப்படிப் பிரித்துச் சொல்வதில்லையே. எனக்கு மன்னிப்பு உண்டு என்று நினைக்கிறேன். இங்கேயே பிறந்து, இங்கேயே சுன்னத்துச் செய்து, இங்கேயே உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு உண்டா? சந்தையில் கீரை விற்கிறவள்கூட இதை மாற்றிச் சொல்லமாட்டாள்.

இனி குழப்பமே வேண்டாம். நான் 'திங்கள் இரவு' என்றால் திங்கள் இரவு. 'செவ்வாய் இரவு' என்றால் செவ்வாய் இரவு. நடுவில் இருக்கிற பகலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கதை அதைப் பற்றியதுதான்.

3

நடந்தது இவ்வளவு.

சிரவுங் ஆற்றின் குறுக்கே ஒரு அணை. அணைக்குப் பின்னால் ஏரி, ஏரிக்கரையில் புதிதாக ஒரு விடுதி. அணைக்குக் கீழே பாபகான் என்கிற குடியிருப்பு. மேலே, மலையில், தேயிலைத் தோட்டத்து விளிம்பில் ஒரு மழைமானி. அதை அளந்து நோட்டில் குறிப்பவர் பாக் எங்கோஸ், எங்கோஸ் ஐயா. பக்கத்தில் தானாகவே பதிவுசெய்கிற கருவி ஒன்றும் நிற்கிறது. நிற்கிறது, அவ்வளவுதான். பேட்டரி செத்துப் பதினான்கு மாதம்.

ஜனவரியில் ஒரு திங்கள் இரவு மலையில் இருநூற்றுப் பதினான்கு மில்லிமீட்டர் கொட்டியது. செவ்வாய் காலை ஏழு மணிக்கு எங்கோஸ் அளந்து, செவ்வாய்க்கான வரியில் 214 என்று எழுதி, பக்கத்தில் 'மாலாம் செலாசா' என்றும் எழுதினார். அணைக்குப் போன் செய்து சொன்னார். எடுத்தவர் "சரி பாக்" என்றார். அந்தச் சரியை யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

செவ்வாய்ப் பகல் முழுவதும் மதகைத் திறக்கவில்லை. அன்று விடுதித் திறப்பு விழா. பெரியவர்கள் வந்திருந்தார்கள். படகுகளுக்குப் பூ கட்டியிருந்தார்கள். ஏரி ததும்பி நின்றால்தானே படம் நன்றாக வரும்?

புதன் விடிகாலை அணை தாங்காது என்று பயம் வந்தது. எல்லா மதகையும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். பாபகானில் ஏழு பேர்.

பதினேழாம் பக்கம் இதைச் சொல்கிற விதம்: "செலாசா மாலாம் எதிர்பாராத பெருமழை பெய்தது. பொறுப்பாளர்கள் சில மணி நேரத்துக்குள் விரைந்து செயல்பட்டனர்."

விரைந்து! ஒரு முழுப் பகலை விழுங்கிவிட்டு, ஏப்பத்துக்குப் பதில் பாராட்டு.

* வானத்திலிருந்து எடுத்த படம் இருக்குமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். திங்கள் இரவும் மலைமேல் பெரிய மேகம் இருந்தது, செவ்வாய் இரவும் இருந்தது. மேலிருந்து பார்த்தால் மேகத்தின் தலைதான் தெரியும். கீழே அது பெய்ததா, சும்மா நின்றதா என்று சரியாகத் தெரியாது. செவ்வாய் இரவு வெறும் தூறல் என்கிறார் எங்கோஸ்.

4

இங்கே ரெங்கனிஸின் ஆராய்ச்சியைச் சொல்லியாக வேண்டும். மூன்று முறை எழுதிப் பார்த்தேன், மூன்று முறையும் பாடப்புத்தகமாகிவிட்டது. அதனால் அவள் என் மேசையில் வேர்க்கடலையைப் பரப்பிச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"இபு, இந்த மேசைதான் ஜாவா. இதைக் கட்டம் கட்டமாப் பிரிக்கறேன். ஒரு கட்டம் பத்து கிலோமீட்டர். ஒவ்வொரு கட்டத்துக்கும் காத்து, சூடு, ஈரம் எவ்வளவுன்னு கணினிக்குத் தெரியும். ஆனா மேகம் கட்டத்தைவிடச் சின்னது. உள்ள என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. அதனால நாங்க ஒரு விதி குடுக்கறோம். இவ்வளவு ஈரம் சேர்ந்தா மழையாக்கிடு, அதுவரைக்கும் பிடிச்சு வச்சுக்கோன்னு."

"இவ்வளவுன்னா எவ்வளவு?"

"அதுதான் என் பத்து வருஷம்."

அந்த ஒரு எண்ணுக்காக அவள் மலையேறியிருக்கிறாள், விமானத்தில் மேகத்துக்குள் போய் வாந்தியெடுத்திருக்கிறாள், பழைய மழை நோட்டுகளைக் கரையான் தட்டிப் படித்திருக்கிறாள். தன் கணினி மாதிரியின் குறையை அவளே எழுதி வெளியிட்டும் இருக்கிறாள்: தீவுகளில் மழை சாயங்காலம் பெய்யும், இவள் கணினி அதை இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே பெய்யவைத்துவிடும். உலகம் முழுக்க இந்த வகை மாதிரிகளுக்கு இருக்கிற பழைய வியாதியாம்.

அந்த ஜனவரிக்கும் அவள் கணக்குப் போட்டிருந்தாள். மாதிரியில் மழை திங்களன்றே விழுந்தது.

ஆக, திங்கள் என்று சொல்ல இரண்டு பேர்: ஒரு நோட்டு, ஒரு கணினி. அறிக்கை எழுதியவர்கள் நோட்டைச் சொல் மாற்றிப் படித்துவிட்டார்கள். மிச்சம் கணினி.

5

அவளுடைய மேலதிகாரி பாக் ஹெரியந்தோ. அவரைக் கொண்டுவரும்போது "தொப்பையும் தங்க மோதிரமும்—" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவருக்குத் தொப்பை இல்லை. மெலிந்த மனிதர். ரெங்கனிஸுக்குக் காய்ச்சல் வந்தபோது தோட்டத்துக் கொய்யாவைப் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தவர். வில்லனாக்க வசதியில்லாத ஆள். அதனால்தான் கோபம் இன்னும் ஏறுகிறது.

ரெங்கனிஸ் அவர் குரலிலேயே பேசிக்காட்டியதை எழுதுகிறேன்.

"நெங் டாக்டர், உங்க கணினி மழையை முன்னாடியே கொட்டிடும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எழுதினீங்களா இல்லையா?"

"எழுதினேன் பாக். மூணு மணி நேரம்."

"முன்னாடி முன்னாடிதானே. மூணு மணி நேரம் என்ன, ஒரு நாள் என்ன."

"உங்க பொண்ணு ஸ்கூல்விட்டு மூணு மணி நேரம் முன்னாடி வந்தா வயித்துவலி. ஒரு நாள் முன்னாடி வந்தா அவ ஸ்கூலுக்கே போகலைன்னு அர்த்தம்."

அவர் சிரித்தாராம். உண்மையாகவே சிரித்தாராம். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாராம்: "அந்த எண்ணைக் கொஞ்சம் ஏத்துங்க. மேகம் இன்னும் கொஞ்ச நேரம் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கட்டும். மழை செவ்வாய்க்குப் போயிடும். மாதிரியைத் திருத்திட்டோம்னு அறிக்கையில ஒரு பக்கம், உங்க கையெழுத்து. முடிஞ்சது."

"ஒரு இடிமேகத்துக்கு ஆயுசே ஒரு மணி நேரம் பாக். அதை ஒரு நாள் பூரா மூச்சைப் பிடிச்சிட்டு நிக்கச் சொல்றீங்க."

"கணினி மேகம்தானே நெங்."

"செத்தவங்க கணினி ஆளுங்க இல்லியே."

இதற்கடுத்து அவள் கேட்டாள்: "உங்க அம்மாவோட நாப்பதாம் நாள் ஓதலுக்கு 'மாலாம் ஜுமாத்'துன்னு, வெள்ளியோட ராத்திரின்னு எங்களைக் கூப்பிட்டீங்க. நாங்க வியாழக்கிழமை வந்தோமா, வெள்ளிக்கிழமையா?"

"வியாழக்கிழமைதான்."

"யாராவது நாள் மாறி வந்தாங்களா?"

"இல்ல."

[இந்த நாலு வரியை நான் சேர்த்தேன். அவள் கேட்கவில்லை. வீட்டு மாடிப்படி ஏறும்போதுதான் இது தோன்றியதாம். பாதிப் படியில் நின்று சுவரைக் குத்தினாள், மேலே மாட்டியிருந்த நாள்காட்டி கீழே விழுந்தது. அவள் கேட்டிருக்கவேண்டிய கேள்வி என்பதால் அடிக்காமல் விடுகிறேன். ஆனால் கேட்கவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.]

6

எங்கோஸை விசாரித்தது அடுத்த வாரம். மேசைக்கு அந்தப்பக்கம் விசாரணைக் குழுவின் மூன்று பேர், இந்தப்பக்கம் அவர். ரெங்கனிஸ் மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாக் எங்கோஸ், வயசென்ன?"

"அறுபத்தேழு. பல்லு மட்டும் நூறு."

யாரோ சிரித்தார்கள். சிரித்ததும் அவரை இளக்காரமாக எடுத்துக்கொண்டார்கள்.

"செவ்வாய் வரியில 214ன்னு எழுதியிருக்கீங்க. அப்ப செவ்வாயில பெஞ்ச மழைதானே?"

"செவ்வா காலையில அளந்தது ஐயா. காலையில அளக்கறது ராத்திரி பெஞ்சதை. இன்னிக்கு ராத்திரி பெய்யப்போறதை இன்னிக்குக் காலையில அளக்க எனக்கு மந்திரம் தெரியாது."

"நோட்டை எப்ப எழுதுவீங்க? அப்பவேயா, இல்ல சேர்த்துவச்சு எழுதுவீங்களா?"

"அப்பவே."

"ஒரு தடவைகூட மறுநாள் எழுதினதில்லை? முப்பது வருஷத்துல?"

பாவம், நேர்மையான மனிதர். யோசித்தார். "என் சம்சாரம் தவறின அன்னிக்கு, ஒரே ஒரு தடவை—"

"ஆக, மறுநாள் எழுதற பழக்கம் உண்டு," என்று நடுவில் இருந்தவர் சத்தமாகச் சொல்லி எழுதிக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நீங்களும் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள், ராசாக்களா.

7

நினிங்கைப் பற்றி ஒரு பகுதி.

பாபகானில் அவித்த வேர்க்கடலை விற்கிறவள். அவள் புருஷன் ஜாஜா ஏழு பேரில் ஒருவர். அவளை அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன், கிழித்தேன். என் வீட்டுக்கு வந்தபோது அவள் அழவில்லை. ரெங்கனிஸைத்தான் பார்க்க வந்தாள். செருப்பை வெளியே நேராக அடுக்கிவைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"நெங், உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். செவ்வாக்கிழமை ஆறு வத்திக் கிடந்துச்சு. கல்லு தெரிஞ்சுது. எங்க வீட்டுக்காரர் முழங்கால்கூட நனையாம நடு ஆத்துல நின்னு கீரை பறிச்சாரு. மேல அவ்வளவு மழை பெஞ்சிருந்தா அந்தத் தண்ணி எங்க இருந்துச்சு?"

"ஏரியில இருந்துச்சு, அக்கா."

"யாரு வச்சிருந்தா?"

ரெங்கனிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள், நினிங் நின்றபடியே தொடர்ந்தாள்.

"இது மேலே இருக்கறவன் செயல், யார் மேலயும் குறையில்லைன்னு ஒரு தாள்ல கையெழுத்துக் கேக்கறாங்க. அவன் செயல்னா நான் ஏத்துக்குவேன். அவன் குடுத்தான், அவன் எடுத்தான். ஆனா ஏரியில வச்சிருந்தது அவனா? அதை மட்டும் சொல்லுங்க. அடுத்த மழைக்கும் நாங்க அங்கதான் இருக்கப்போறோம். என் மக அங்கதான் தூங்கும்."

இதுதான் இந்தக் கதையில் பணயம். ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது என்று ஒப்புக்கொண்டால், அடுத்த ஜனவரியில் ஏரி நிறையும்போது மதகை நேரத்துக்குத் திறக்க விதி வரும். நடக்கவில்லை என்றால் அதே அணை, அதே விதி, அதே படுக்கை.

8

அவர்கள் கேட்டதை ரெங்கனிஸ் செய்தாள்.

பதறாதீர்கள். எண்ணை ஏற்றி ஓட்டினாள். மழை செவ்வாய் இரவுக்குப் போகும்வரை ஏற்றிக்கொண்டே போனாள். ஒருவழியாகப் போனது. படத்தை அச்செடுத்து ஹெரியந்தோவின் மேசையில் விரித்தாள்.

"இந்தாங்க பாக். செவ்வாய் இரவு, மலைமேல மழை."

"அருமை!"

"214 இல்ல. அறுபதுதான்."

"அளவு முக்கியமில்லை நெங். நாள்தான் முக்கியம்."

"மத்த இடத்தையும் பாருங்க. இந்த எண்ணை வச்சா ஜனவரி மாசம் பூரா போகோர்ல ஒரு சொட்டு மழை கிடையாது. ஜாவா முழுக்க ஒரு மாசம் மேகம் தொங்கிட்டே இருக்கு, பெய்யவே இல்ல. போன ஜனவரியில நீங்க குடையே எடுக்கலையா பாக்? உங்க மோட்டார்சைக்கிள் வெள்ளத்துல நின்னு நான்தானே தள்ளினேன்?"

அவர் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாராம். பிறகு பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். நிஜமான கத்தரிக்கோல். மலை இருந்த மூலையை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்ச ஜாவாவை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஓட்டைவிழுந்த ஜாவா இப்போதும் என் வீட்டு மாடியில் இருக்கிறது. இதை நான் கற்பனை செய்யவில்லை. இவ்வளவு கேவலமாகக் கற்பனை செய்ய எனக்கு வராது.

9

முடிவுகள்.

முதல் முடிவில் அவள் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். மறுத்தால் வேலை போய்விடும், ஊரில் அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்திகரிக்கவேண்டும். இதை எழுதினால் நீங்கள் அவளைத் திட்டுவீர்கள். அதனால் எழுதமாட்டேன். அவளைத் திட்டுவது ரொம்ப சுலபம்.

இரண்டாம் முடிவில் அவள் மறுக்கிறாள். பேனாவை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நடந்து போகிறாள், கதவுக்கு வெளியே மழை கொட்டுகிறது— நிறுத்து. உங்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று தெரியும். எனக்கும் பிடிக்கும். சரி, ஒரு ரகசியம்: இதுதான் நடந்தது. மழையைத் தவிர. அவள் மறுத்தாள்.

அதோடு கதை முடிந்தது என்று நினைத்தீர்களா?

பதினைந்து நிமிஷத்தில் பக்கத்து அறையிலிருந்து வேறொரு டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டார். மேகத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் படித்தது மண்ணரிப்பு. ரெங்கனிஸை ஒரு மாதப் பயிற்சிக்கு வேறு தீவுக்கு அனுப்பினார்கள். ஒருத்தி துணிந்து நின்றால் போதும் என்று நம் கதைகள் நமக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டன. அவள் துணிந்தாள். அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள், ஆற்றில் கிடக்கிற ஒரு கல்லைச் சுற்றித் தண்ணீர் போவதுபோல.

மூன்றாவது முடிவை எழுதுவதற்கில்லை. அதற்கு நீங்கள் வேண்டும்.

10

வட்டார அலுவலகக் கூடம். நாற்பது நாற்காலி. ஒவ்வொருவர் மடியிலும் பலகாரப் பெட்டி. கூட்டம் என்றால் பெட்டி இல்லாமல் இங்கே நடக்காது. உள்ளே ஒரு கேக், ஒரு வறுவல், ஒரு கோப்பைத் தண்ணீர். எங்கோஸைக் கதவோரம் உட்காரவைத்திருந்தார்கள். வரலாம், பேசக்கூடாது என்று சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். நினிங் முதல் வரிசையில், பெட்டியைத் திறக்காமல்.

விசாரணைக் குழுத் தலைவர் அறிக்கையை வாசித்தார். நல்ல கணீர்க் குரல். பதினேழாம் பக்கம் வந்தது.

"செலாசா மாலாம்," என்று வாசித்தார்.

மெல்லுகிற சத்தம் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், நாற்பது வாயும் ஒரே நேரத்தில் நின்றது. எல்லோருக்கும் காது இருக்கிறது. எல்லோரும் இந்த ஊர்ச் சோறு தின்றவர்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தன் பெட்டியைப் பார்த்தார். ஹெரியந்தோ ஜன்னலைப் பார்த்தார். எங்கோஸின் உதடு அசைந்தது. கதவருகே நின்ற காவல்காரர் அவர் தோளில் மெதுவாக, மரியாதையாக, கையை வைத்தார்.

தலைவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா? இல்லேன்னா சபை முழுசா ஏத்துக்கிட்டதா எழுதிக்கறேன்."

நினிங் திரும்பினாள். முன் வரிசையிலிருந்து எங்களை, ஒவ்வொரு முகமாக, பார்த்துக்கொண்டே வந்தாள்.

நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். அன்று நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். செய்திருந்தால் இதைக் கதையாக எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

ஆனால் இந்தப் பக்கம் என்னுடையது. இதில் தலைவரின் பேனா இன்னும் தாளைத் தொடவில்லை, நான் விடமாட்டேன். கூடத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறேன், கண்ணுகளா. அதில் நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கும் இப்போது அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியும். தெரியாது என்று இனி சொல்லமுடியாது.

நினிங்கின் பார்வை உங்கள் வரிசைக்கு வந்துவிட்டது. நாற்காலி பிளாஸ்டிக், எழுந்தால் தரையில் இழுபட்டுச் சத்தம் வரும்.

வரட்டும்.